பெண்கள் பெட்டியில் சொன்ன வாக்கியம்

அன்று காலை பதினொன்றேகால் மணிக்கு என் மகளின் டைப்ரைட்டர் நின்றது. அந்த நேரத்தில் நான் சைதாப்பேட்டையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பாரிமுனையில் ஒரு கம்பெனியின் மாடியில் உட்கார்ந்து விலைப்பட்டியல் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே இல்லை. ஆனாலும் கண்ணால் பார்த்ததுபோல அந்த நேரம் எனக்கு நினைவிருக்கிறது; அத்தனை தடவை அவளைக் கேட்டிருக்கிறேன். டீ வந்திருந்தது. ஹெட் கிளார்க் தம்ளரைக் கையில் பிடித்தபடி பக்கத்து மேசைக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். அந்த வாக்கியம் என் மகளுடையது. அதே வாரம் தாம்பரம் ரயிலில், பெண்கள் பெட்டியில், எங்கள் ஏழு பேருக்கு நடுவே அவள் சொன்னது. ஒரு சொல்கூட மாறாமல் அது அவர் வாயிலிருந்து வந்ததும் அவள் விரல்கள் தாமாக நின்றுவிட்டன. ஹெட் கிளார்க்கின் முதுகுக்குப் பின்னால், அறைக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் நின்றிருந்தார்.

சில வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதும் எங்கள் பள்ளி ஆபீசில் டைப் அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றால் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆபீஸ் பக்கம் போகிறேன். ஒன்றும் இருக்காது, தாள் மாற்றுவார்கள். அது தெரிந்தும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குத் திரும்புகிறேன்.

இதைச் சொல்ல வேண்டுமானால் டெலிபோன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ரயிலில் யாருக்கும் பெயர் கிடையாது. ஆண்கள் பெட்டியில் ஊர்ப் பெயர்தான் ஆளுக்குப் பெயர்: குரோம்பேட்டை, பல்லாவரம், ஊரப்பாக்கம் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பெண்கள் பெட்டியில் வேலைதான் பெயர். நான் டீச்சர். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் நர்ஸம்மா. வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் டெலிபோனில் வேலை பார்த்தவர் டெலிபோன் அக்கா. அவருக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியிருப்பார். ஆனாலும் எல்லாருக்கும் அக்கா. காதில் மாட்டும் கருவி வருஷக்கணக்காக அழுத்தி அழுத்தி, உச்சந்தலையில் குறுக்கே இன்னொரு வகிடு எடுத்ததுபோல் ஒரு தடம் விழுந்திருக்கும். குரல் மட்டும் அவர் உருவத்துக்குச் சம்பந்தமில்லாமல் இளமையாக இருக்கும். தாம்பரத்தில் மேற்குப் பக்கம் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுவார். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை, சந்தேகப்படத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்.

எங்கள் பெட்டியில் அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தார். ரயில் குரோம்பேட்டையை விட்டதும் தமிழ் பேசக்கூடாது. சைதாப்பேட்டையில் நான் இறங்கும்வரை ஆங்கிலம்தான். திங்கட்கிழமை ஒரு சொல் தருவார். அந்த வாரம் முழுக்க ஆளுக்கொரு நாள் அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் சொல்ல வேண்டும். புத்தகத்தில் வருகிற வாக்கியம் கூடாது. நம் வீட்டில், நம் ஆபீசில், நம் தெருவில் உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். ஆள் பெயர் சொல்லக்கூடாது. "பொய்யா சொன்னா நாக்குல நிக்காது, டீச்சர். நடந்ததைச் சொல்லுங்க, சாகற வரைக்கும் மறக்காது" என்பார். சொல் சரியாகப் பொருந்திவிட்டால் "கனெக்டெட்!" என்று கை தட்டுவார். பொருந்தாவிட்டால் திட்ட மாட்டார். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "லைன் கிடைக்கலை. ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்பார். பெட்டியே சிரிக்கும். சிரிப்புக்குத் தமிழ், ஆங்கிலம் இல்லை என்பதால் அதற்கு மட்டும் தடை கிடையாது.

என் மகளை அந்தப் பெட்டிக்கு நான்தான் அழைத்துப் போனேன். பள்ளி இறுதித் தேர்விலும் டைப்பிங்கிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆனால் நேர்முகத் தேர்வில் "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். ஒரு வருஷம் முழுக்கத் தரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கடைசியில் ஒரு வேலை கிடைத்ததென்றால் அது அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பழகியதால்தான். ஆறு மாதம் தகுதிகாண் காலம். பிறகு பிடித்திருந்தால் நிரந்தரம். நிரந்தரமானால் மாலைக் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. படிப்பதாக இருந்தாள். சேர்த்துக்கொள்ளாவிட்டால் மறுபடியும் வீடு, மறுபடியும் தரை. கிண்டியில் லேத் பட்டறையில் வேலை பார்த்த என் கணவருக்கு அப்போதே முதுகுவலி ஆரம்பித்திருந்தது. எனக்கு அந்த வேலையைவிட, அவள் நிமிர்ந்து பேசத் தொடங்கியிருந்தாளே, அது போய்விடுமோ என்பதுதான் பயம்.

அந்த வாரத்துச் சொல் டிஸ்டெயின்ஃபுல். பிறரைத் துச்சமாக நினைக்கிற ஆளுக்கோ பார்வைக்கோ சொல்கிற சொல். கேட்பதற்குச் சுலபமாகத் தெரிந்தாலும் எங்களில் பாதிப் பேருக்கு லைன் கிடைக்கவில்லை. நான் முதல் நாளே முந்திக்கொண்டு, குழம்பில் உப்பு அதிகமானதால் என் மாமியார் டிஸ்டெயின்ஃபுல்லாக இருந்தார் என்று சொன்னேன். டெலிபோன் அக்கா தலையை ஆட்டினார். உப்புக்குக் கோபித்துக்கொண்டால் அது கோபம்தான். வாயில் வைத்தே பார்க்காமல், மருமகள் சமைத்தது என்பதற்காகவே தட்டை விரல் நுனியால் தள்ளினால்தான் இந்தச் சொல் வரும் என்றார். கர்வத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்றார். கர்வம் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கும். இது அடுத்த ஆளைப் பார்த்து, அவன் பார்க்கத் தகுந்தவன் இல்லை என்று தீர்மானிக்கும். நர்ஸம்மா உடனே பிடித்துக்கொண்டார். தான் காயத்துக்குக் கட்டிய கட்டை டாக்டர் பேசாமல் பார்த்த பார்வை டிஸ்டெயின்ஃபுல் லுக் என்றார். "கனெக்டெட்!"

மூன்றாம் நாள் என் மகளின் முறை வந்தது. மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கி, அதன் இரைச்சல் அடங்கக் காத்திருந்து சொன்னாள்: "மை மேனேஜர் இஸ் டிஸ்டெயின்ஃபுல் ஆஃப் பீப்பிள் ஹூ கம் பை டிரெயின்." ரயிலில் வருகிறவர்களை என் மேனேஜர் துச்சமாக நினைப்பவர் என்று அர்த்தம். எப்படி என்று டெலிபோன் அக்கா கேட்டார். அவள் விளக்கினாள். மேனேஜர் காரில் வருகிறவர். ரயில்காரர்கள் வியர்த்து வழிந்து உள்ளே நுழையும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். பியூனைப் பார்த்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். பியூன் போய் ஜன்னலைத் திறந்துவைப்பான். அவ்வளவுதான்.

எங்கள் எல்லாருக்கும் அந்த ஜன்னல் தெரிந்திருந்தது. டெலிபோன் அக்கா கை தட்டவில்லை. அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்கு டிக்‌ஷனரியில்கூட இவ்வளவு நல்ல உதாரணம் இருக்காது என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். நர்ஸம்மா மட்டும் விதியை மீறித் தமிழில், "உங்க மேனேஜர் எங்க டாக்டருக்கு அண்ணனா இருப்பாரோ?" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு அந்த வாக்கியம் ஹெட் கிளார்க்கின் வாயில் இருந்தது.

இத்தனை நல்ல ஆங்கிலம் எங்கே கற்றாய் என்று மேனேஜர் அவரைக் கேட்டாராம். குரல் உயரவில்லை. ஹெட் கிளார்க் டீயை விழுங்கினார். அப்போதுதான் அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றிருப்பதை மேனேஜர் கவனித்தார். திரும்பி என் மகளைப் பார்த்தார். இது உன் வாக்கியமா என்று கேட்டார். அவள் "எஸ் சார்" என்றாள். அவர் அறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பியூன் வந்து, நாளையிலிருந்து வர வேண்டாம், தேவைப்பட்டால் சொல்லி அனுப்புவார்களாம் என்றான்.

மதிய இடைவேளையில் அவள் என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றபோது யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேப்ப மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமேடி!"

"எப்படிம்மா? என்னோட சென்டென்ஸான்னு கேட்டாரு. என்னோடதுதானே?"

அதற்கு மேல் அவளை என்ன சொல்வது? உண்மையை மட்டும் சொல்லிப் பழகு என்று சொல்லிக்கொடுத்த பெட்டிக்கு அழைத்துப் போனவளே நான்தான். என் மனம் அப்போதே அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. அந்த வாக்கியம் ஏழு பேர் காதில் விழுந்தது. நானும் மகளும் போனால் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் ஒருத்தி அதைக் கொண்டுபோய் ஹெட் கிளார்க்கிடம் கொடுத்திருக்கிறாள். யார்?

மறுநாள் சனிக்கிழமை எனக்கு அரை நாள் பள்ளி இருந்தது. மகளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் பெட்டியில் ஏறினேன், முகங்களைப் பார்ப்பதற்காகவே. யார் என் கண்ணைத் தவிர்க்கிறார்கள், யார் தேவைக்கு மேல் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இப்படிப் பார்க்கத் தொடங்கினால் எல்லா முகமும் குற்றவாளி முகம்தான். நர்ஸம்மா, "எங்க, நம்ம ஸ்டார் ஸ்டூடண்ட் வரலியா?" என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். கூர்க்கில் ஏதோ காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பாங்குப் பெண், காய்ச்சலுக்குக் கஞ்சிதான் நல்லது என்றாள். ஒவ்வொருத்தரும் ஏதோ கேட்டார்கள். டெலிபோன் அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் வழக்கமாக உட்காரும் இடத்தை ஒரு தடவை பார்த்தார். தன் பையை எடுத்து அங்கே வைத்தார். பிறகு அன்றைய முறை யாருடையது என்று கேட்டார்.

ஏன் கேட்கவில்லை? கேட்கத் தேவையில்லை, அவருக்கு முன்பே தெரியும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. தோன்றிய பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. நாள் முழுக்க ஊரார் பேச்சு அவர் காதுக்குள்ளேதான் போய் வருகிறது. அந்தக் கம்பெனிக்கு வரும் வெளியூர் அழைப்புகளை அவர்தானே இணைக்கிறார்? ஒருநாள் நர்ஸம்மா வேடிக்கையாக, "அக்காகிட்ட ஜாக்கிரதையா பேசுங்க, மெட்ராஸ்ல யார் வீட்டுல என்ன சமையல்னு அவங்களுக்குத் தெரியும்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது நானும் சிரித்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை அது நிச்சயமாயிற்று. தாம்பரம் பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் டெலிபோன் அக்கா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியும். ஒல்லியாக, கையில் எப்போதும் மடித்த குடையோடு, ஊரப்பாக்கத்திலிருந்து பாசஞ்சரில் வந்து எங்கள் ரயிலுக்கு மாறுகிறவர். வேலையில் சேர்ந்த புதிதில், "அதோ, அவர்தான் எங்க ஹெட் கிளார்க்" என்று மகள் காட்டியிருந்தாள். அக்கா ஒரு விரலை நீட்டி நீட்டிப் பேச, அவர் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் குடையை இடுக்கிக்கொண்டு ஆண்கள் பெட்டிப் பக்கம் போனார். அக்கா என்னைப் பார்த்து, "குட் மார்னிங், டீச்சர்" என்றார். குரோம்பேட்டைக்கு முன்பே ஆங்கிலம்.

நான் அந்தப் பெட்டியில் ஏறவில்லை. பின்னால் கடைசியில் இருந்த மற்றொரு பெண்கள் பெட்டிக்குப் போனேன். அது காய்கறிக் கூடைகளும் கீரைக் கட்டுகளும் ஏறுகிற பெட்டி. உட்கார இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீரைக்காரம்மா ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, முன்னாடிப் பொட்டில இங்கிலீசு பேசிக்கினு வருவியே, இங்க இன்னா வந்துட்ட?"

"அங்க கூட்டம்" என்றேன்.

"இங்க மட்டும் காலியாவா கீது? சரி சரி, கூடைய மிதிக்காம நில்லு. எங்களுக்குத் தமிழ்ல திட்டத்தான் வரும்."

அந்த வாரம் முழுக்க நின்றுகொண்டுதான் போனேன். வீட்டில் மகள் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. வாசல் பக்கம் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து போவாள். தபால்காரர் பக்கத்து வீட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். என்ன கேட்டாலும் தரையைப் பார்த்துப் பதில் சொன்னாள். ஒரு வருஷம் கஷ்டப்பட்டு நிமிர்ந்த கழுத்து ஒரே வாரத்தில் பழைய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க டெலிபோன் அக்காமேல் எனக்கு ஆத்திரம் வளர்ந்தது. பெண்ணை நிமிர்த்தியதும் அவர்தான், கொண்டுபோய்த் தள்ளியதும் அவர்தான் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் பேச்சுக் குறைவான மனிதர். சாப்பிட்ட கையை உலரவிட்டுக்கொண்டு, "அந்தம்மா எதுக்குடி சொல்லப் போறாங்க? அவங்களுக்கு என்ன லாபம்?" என்றார்.

"லாபம் இருந்தாத்தான் சொல்லுவாங்களா? நாக்கு சும்மா இருக்காம சொல்றவங்க இல்லையா?"

அவர் யோசித்தார். "இருக்காங்க" என்றார். பிறகு கை கழுவப் போனார். அவர் யோசித்ததை நான் அன்று பொருட்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தணிந்த நேரத்தில் வாசல் இரும்புக் கதவின் கொக்கி சத்தம் போட்டது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டெலிபோன் அக்கா முன்னால் வர, பின்னால் மடித்த குடையோடு ஹெட் கிளார்க். இரண்டு பேரும் சேர்ந்தே வந்துவிட்டார்கள். ராஜினாமா எழுதி வாங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. தனியாக வந்தால் நாங்கள் தரமாட்டோம் என்று ஹெட் கிளார்க் துணைக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மகளை உள்ளே போகச் சொன்னேன். அவள் போகவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாங்க என்றுதான் சொன்னேன், ஆனால் வழியை மறித்தபடி சொன்னேன்.

ஹெட் கிளார்க் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, என் மகளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்போல் இருந்தது.

"பாப்பா, நேத்து மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். சார், அந்த சென்டென்ஸ் யாருதா வேணா இருக்கட்டும், உங்களை வெச்சு ஆபீஸ்ல சொன்னது நான்தான், அந்தப் பொண்ணு டைப் அடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு, அதுகிட்ட கேட்டீங்க, அது உண்மையைச் சொல்லிச்சு, என்கிட்ட கேட்டீங்க, நான் டீயைக் குடிச்சேன்னு. எனக்கு ரிடையர் ஆக இன்னும் எத்தினி நாள் கீது? என்னை என்ன பண்ணிடப் போறாரு? இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு. இந்த அக்கா சர்ச்சுலயும் விடலை, பிளாட்பாரத்துலயும் விடலை."

"என்ன சொன்னாரு?" என்றாள் மகள்.

"கொஞ்சம் பேப்பரைப் புரட்டினாரு. அப்புறம் திங்கக்கிழமை வரச் சொல்லுன்னாரு. நிரந்தரம் பண்றது மாசக் கடைசில பார்க்கலாமாம். எங்கியோ பார்த்துக்கிட்டே சொன்னாரு. ஆனா சொன்னாரு."

மகள் நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் இன்னும் வழியைவிட்டு நகரவில்லை. அந்த வாக்கியம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கேட்கும்போது டெலிபோன் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் கொல்லைப் பக்கம் கை கால் கழுவிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். ஹெட் கிளார்க்கின் முகம் மலர்ந்தது.

"அட, தாம்பரம்! உங்க வூடா இது?"

"ஊரப்பாக்கம்! நீங்க எங்க இங்க?"

ஒரே பெட்டியில், மடியில் கைப்பெட்டியை மேசையாக்கிச் சீட்டாடிக்கொண்டு போகிறவர்கள். ஒருவருக்கு ஒருவர் எங்கே வேலை, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று தெரியாது. ஊரப்பாக்கம் குடையால் என் கணவரைச் சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இவரு சொன்னதும்மா! இந்தப் பேஜாருக்கெல்லாம் இவருதான் காரணம். ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவுல எடுத்து வுட்டாரு பாருங்க, இங்கிலீஷ்ல, பொட்டியே கை தட்டிச்சு. மை மேனேஜர்னா தன்னோட மேனேஜரைச் சொல்றாருன்னுதானே நெனச்சேன்? அப்படியே எங்காளுக்கும் அளவெடுத்த மாதிரி பொருந்திச்சு, நானும் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்!"

சிரிப்பு அவரோடு நின்றுவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் துண்டை மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார்.

"ராத்திரி சாப்பிடறப்ப இவ சொன்னா" என்றார், யாரையும் பார்க்காமல். "நல்லா இருந்துச்சு. வண்டில சொன்னேன். எல்லாரும் இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லுன்னாங்க. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல."

ஒரு வாரமாக நான் ஐந்து பெண்களை வரிசையாக நிற்கவைத்து விசாரித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் படுத்து உறங்கிய மனிதரை அந்த வரிசையில் நிறுத்த எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு ஆங்கிலம் வராது என்பதே அவருக்குச் சாட்சியாக இருந்தது. அந்த மனிதர் ஒரு நீளமான வாக்கியத்தை மகள் வாயிலிருந்து கேட்டு, ஒரு சொல் தவறாமல் பொறுக்கி எடுத்துப் பத்திரமாக மறுநாள் ரயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

மகள்தான் முதலில் பேசினாள். "அப்பா, 'ஆஃப்' சொன்னீங்களா? 'வித்' சொல்லிடலையே?"

"ஆஃப்தாம்மா" என்றார் அவர் அவசரமாக. "டிஸ்டெயின்ஃபுல் ஆஃப்."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. என் கணவர் நாற்காலி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் டெலிபோன் அக்காவிடம், அன்றைக்கு ரயிலில் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். என் குரல் இன்னும் விசாரணைக் குரலாகவே இருந்தது. சர்ச்சில் வெள்ளிக்கிழமை சாயங்காலப் பாட்டுப் பயிற்சியில், அதே குழுவில் பாடுகிற ஹெட் கிளார்க் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னாராம். வாக்கியத்தைக் கேட்டதும் எந்தப் பெண் என்று புரிந்துவிட்டதாம். "நீங்க காய்ச்சல்னு சொன்னீங்க, டீச்சர். சொல்ல இஷ்டமில்லைன்னு விட்டுட்டேன்" என்றார். அது பொருந்துகிற பதில்தான். ஆனால் ஹெட் கிளார்க்குக்கு அதைச் சொன்னது யார் என்று அவர் விசாரிக்காமலா இருந்திருப்பார்? தாம்பரம் என்று ஒருவர் சொன்னார் என்று கேள்விப்பட்டதுமே அது என் கணவர் என்று தெரிந்துகொண்டு, நான் தன்னைச் சந்தேகிப்பதையும் தெரிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் ஹெட் கிளார்க்கையே நேரில் கூட்டிவந்தாரா? அடுத்த வருஷம் அவருக்குத் தெற்கே எங்கோ மாற்றல் ஆகிவிட்டது. அதுவரை தினமும் எதிரில் உட்கார்ந்திருந்தும் இதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார், அதனாலேயே கேட்கவில்லை.

அன்று மகள் காப்பி கலந்து கொண்டுவந்தாள். ஹெட் கிளார்க் நின்றபடியே குடித்துவிட்டு, பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். டெலிபோன் அக்கா கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். அவர் முகத்தில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாரமா கீரைப் பொட்டில நின்னுக்கிட்டே போறீங்களாமே, கால் வலிக்கலையா?" என்றார். "நாளைக்கு ரெண்டு பேரும் நம்ம பெட்டிக்கு வந்துடுங்க, டீச்சர். உங்க இடத்துல நாங்க யாரையும் உட்கார விடலை."